வெளுத்துப்போன டிராவல் ட்ரெய்லரை மறுபடி பளபளக்க வைக்கிறது எப்படி

வருஷக்கணக்கா வெயில்ல நின்ன டிராவல் ட்ரெய்லர, அதாவது காருக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற வீட்டு வண்டிய, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினவங்க முதல்ல பண்ற காரியம், கடைக்குப் போய் ஒரு நல்ல வாக்ஸ் டப்பா வாங்கிட்டு வந்து கை வலிக்கத் தேய்க்கிறதுதான். அன்னிக்கு சாயந்திரம் வண்டி ஜம்முனு இருக்கும், ரெண்டு மழை பெஞ்சா பழையபடி வெளுத்துடும், அப்புறம் வாக்ஸ் கம்பெனிக்காரன திட்டுவாங்க. வாக்ஸ் மேல ஒரு தப்பும் இல்லங்க. செத்துப்போன படலத்த அப்படியே விட்டுட்டு அது மேல எதப் பூசினாலும் நிக்காது. இந்த வேலைல முக்கால்வாசி அந்தச் செத்த படலத்த எடுக்கிறதுதான். பளபளப்பு வர்றது அதுக்கு அடில இருக்குற நல்ல ஜெல்கோட்ல (ஃபைபர்கிளாஸ் மேல இருக்குற கலர் படலம்) இருந்து, வாக்ஸோட வேலை அந்தப் பளபளப்பப் பாதுகாக்கிறது மட்டும்தான்.

அதனால பாலிஷர் வாங்குறதுக்கு முன்னாடி உங்க ட்ரெய்லரோட வெளிப்பக்கம் எதுல செஞ்சதுனு தெரிஞ்சுக்கோங்க, ஏன்னா ஒண்ணுக்குப் பண்றது இன்னொண்ணுக்கு ஆகாது. இப்ப ரோட்ல பாக்குற வழவழப்பான பக்கச்சுவர் இருக்குற வண்டிங்கள்ல பெரும்பாலும் மெல்லிசான ஃபைபர்கிளாஸ் ஷீட்ட பலகை மேல ஒட்டியிருப்பாங்க, அதுக்கு மேல ஜெல்கோட் ஒரு சின்ன படலமா இருக்கும். ஸ்காம்ப், காசிட்டா, 1968ல கனடாவோட வினிபெக்ல ஆரம்பிச்ச போலர் மாதிரி முட்டை வடிவ வண்டிங்க முழுசா அச்சுல வார்த்த ஃபைபர்கிளாஸ், அதுல ஜெல்கோட் கொஞ்சம் தாராளமாவே இருக்கும். வரிவரியா மடிப்பு இருக்குற சுவர்னா அது பெயிண்ட் அடிச்ச அலுமினியத் தகடு. ஏர்ஸ்ட்ரீம் கம்பெனி வண்டி தனி ஜாதி, அது கலர் பெயிண்ட் அடிக்காத அலுமினியம். இன்னொரு சிக்கல், சுவர் ஜெல்கோட்டா இருந்தாலும் முன்பக்க மூடில மட்டும் கார் மாதிரி பெயிண்ட் அடிச்சு க்ளியர் கோட் (கலர் இல்லாத மேல்பூச்சு) போட்டிருக்கலாம், சக்கரத்துக்கு மேல இருக்குற வளைவு பிளாஸ்டிக்கா இருக்கலாம். ஒரே வண்டில மூணு விதமான பரப்பு இருக்குறது சாதாரணம்.

சந்தேகமா இருந்தா ஒரு வெள்ளைத் துணில துளி கம்பவுண்ட் (மேல் படலத்தத் தேய்ச்சு எடுக்குற சொரசொரப்பான பசை) வச்சு ஒரு ஓரத்துல தேய்ச்சுப் பாருங்க. வண்டி கலர் துணில ஏறுச்சுனா அது ஜெல்கோட்டா இருக்கும், இல்லனா க்ளியர் கோட் போடாத பெயிண்ட். கலரே ஏறலனா மேல க்ளியர் கோட் இருக்குனு அர்த்தம். வெள்ளை வண்டிக்கு வெள்ளைத் துணில ஒண்ணும் தெரியாது, கறுப்புத் துணி எடுத்துக்கோங்க. க்ளியர் கோட் தோல் தோலா உரிஞ்சுக்கிட்டு இருந்தா அத எந்தப் பாலிஷும் காப்பாத்தாது, அந்தப் பகுதிய சாண்ட் பண்ணி திரும்ப ஸ்ப்ரே பண்றதுதான் வழி, அதுல நேரத்த வீணாக்காதீங்க.

இனி நான் சொல்றது பெரும்பாலும் ஜெல்கோட்டுக்கு. ஜெல்கோட்னா கலர் கலந்த பாலியெஸ்டர் ரெசின், அவ்வளவுதான். சூரியனோட அல்ட்ரா வயலட் கதிர் அந்த ரெசினோட பிணைப்ப மேல இருந்து கொஞ்சம் கொஞ்சமா உடைக்குது, உடைஞ்ச துகள் பொடியா மேலயே உக்காந்துக்குது, பரப்பு சொரசொரனு ஆகி நுண்ணுன துளைங்க வர்றதால அழுக்கும் தண்ணியும் உள்ள எறங்குது. சுண்ணாம்பு அடிச்ச சுவத்துல சாஞ்சா சட்டைல வெள்ளையா ஒட்டுமே, கைய வச்சுத் தடவினா அதே கதைதான். அரிசோனா, டெக்சாஸ், புளோரிடா பக்கம் இது சீக்கிரம் நடக்கும், கொலராடோ மாதிரி உயரமான இடத்துல குளிரா இருந்தாலும் வெயிலோட கதிர் கடுமை, அங்கயும் தப்பிக்க முடியாது. ஒரே இடத்துல நிறுத்தி வச்ச வண்டினா தெற்கயும் மேற்கயும் பாத்து நிக்கிற பக்கம் மட்டும் ரொம்ப மோசமா இருக்கும், வாங்கும்போது நிழல் பக்கத்த மட்டும் போட்டோ எடுத்து அனுப்புறவங்க இருக்காங்க, நாலு பக்கமும் கேளுங்க.

அடுத்து தண்ணி டெஸ்ட். வெளுத்த இடத்துல தண்ணி ஊத்திப் பாருங்க. நனைஞ்ச உடனே பழைய கலர் அப்படியே திரும்பி வந்தா நல்ல சேதி, மேல் படலம்தான் கெட்டிருக்கு, பாலிஷ்ல மீட்டுடலாம். நனைஞ்சும் திட்டுத் திட்டா வெளிறியே இருந்தா கலரே உள்ள வரைக்கும் போயிருக்கு, சிவப்பு, அடர் நீலம் இதுல எல்லாம் இது அடிக்கடி நடக்கும். அதுல ஓரளவு தேத்தலாம், புதுசா ஆகாது. ஃபைபரோட நெசவு மாதிரி ஒரு டிசைன் லேசா தெரிய ஆரம்பிச்சிருந்தா ஜெல்கோட் தீந்தே போச்சு, அங்க மிஷின் பக்கமே போகக்கூடாது, பெயிண்ட்தான். சிலந்தி வலை மாதிரி மெல்லிசான வெடிப்பு இருந்தா அதுவும் பாலிஷ்ல போகாது, பளபளனு ஆனதுக்கு அப்புறம் இன்னும் நல்லாவே தெரியும், இத முன்னாடியே மனசுல வச்சுக்கோங்க.

பேனல் எங்கயாவது உப்பிக்கிட்டு இருக்கானும் பாருங்க. சாயந்திர வெயில் பக்கவாட்டுல விழும்போது சுவரோட ஒட்டி நின்னு நீளவாக்குல பாத்தா அலை அலையா தெரியும். அது உள்ள தண்ணி போய் ஃபைபர்கிளாஸ் பலகைய விட்டுக் கழண்டதோட அடையாளம். அப்படி இருந்தா மொதல்ல லீக்க அடைக்கணும், பாலிஷ் எல்லாம் அப்புறம். உள்ள சுவர் ஊறிக்கிட்டு இருக்கும்போது வெளிய மினுக்கி என்ன பிரயோஜனம்.

எவ்வளவு வேலைனு ஒரு கணக்கு போட்டுக்கலாம். 25 அடி ட்ரெய்லர்னா முன்னாடி இழுக்குற கம்பிய கழிச்சு பெட்டி சுமார் 21 அடி, உயரம் பாலிஷ் பண்ற அளவுக்கு 7 அடி, ரெண்டு பக்கமும் சேத்து கிட்டத்தட்ட 300 சதுர அடி, முன்னயும் பின்னயும் ஒரு 100 வச்சுக்கோங்க, மொத்தம் 400. மிஷின்ல ஒரு தடவைக்கு ரெண்டுக்கு ரெண்டு அடிதான் ஒழுங்கா பண்ண முடியும், அப்ப 100 கட்டம். கட்டத்துக்கு 5 நிமிஷம்னாலே ஒரு ரவுண்டுக்கு 8 மணி நேரத்துக்கு மேல, ஜன்னல் கதவ கழிச்சாலும் பெருசா குறையாது. கம்பவுண்ட் ஒரு ரவுண்டு, பாலிஷ் ஒரு ரவுண்டு, வாக்ஸ் ஒரு ரவுண்டு. ஆக சனி ஞாயிறுல முடிச்சுடலாம்னு நினைக்கிறவங்க ஒரு பக்கத்த மட்டும் அந்த வாரத்துக்கு வச்சுக்கோங்க, அடுத்த பக்கம் அடுத்த வாரம். வண்டிய சுத்தம் பண்ணி மெருகேத்துற டீட்டெய்லிங் ஆளுங்க அடி கணக்குல காசு கேக்கும்போது இவ்வளவானு தோணும், ஒரு பக்கம் நீங்களே பண்ணிப் பாத்தா அந்தக் கேள்வி வராது.

இடம் ஒரு பெரிய பிரச்சனை. நிறைய கேம்ப்கிரவுண்ட்ல வண்டி கழுவவே விட மாட்டாங்க. வீட்டு வாசல்ல பண்ணலாம்னா ஹெச்ஓஏ (வீட்டுக்காரங்க சங்கம்) இருக்குற ஏரியால ட்ரெய்லர ஒரு நாள் ரெண்டு நாளுக்கு மேல நிறுத்தினா கடிதாசி வந்துடும். ஸ்டோரேஜ் யார்டுல நிழலும் இருக்காது கரண்டும் இருக்காது, வேலை பண்ண அனுமதி உண்டானு கேட்டுட்டுதான் போகணும். அங்க பண்றவங்களுக்கு ஜெனரேட்டர்தான் சரி, பேட்டரி பாலிஷர் கம்பளி பேட் போட்டா சீக்கிரம் உக்காந்துடும். வெளிய கரண்ட் எடுக்கும்போது ஈரம் பட்டா ட்ரிப் ஆகுற ஜிஎஃப்சிஐ பிளக்ல இருந்தே எடுங்க, வயர் கொஞ்சம் தடிமனா இருக்கணும், நீளமான மெல்லிசு வயர்ல பாலிஷர் தடுமாறும், சூடாகும். சோப்புத் தண்ணி நேரா தெருவோர மழைநீர் வடிகால்ல போறத பல ஊர்ல அனுமதிக்க மாட்டாங்க, புல் இருக்குற பக்கமா ஓட விடுங்க.

சீசனும் முக்கியம். டெக்சாஸ்ல ஜூலை மாசம் இத தொடவே தொடாதீங்க. பேனல்ல கைய வச்சா சுடக்கூடாது, சுட்டா கம்பவுண்ட் போட்ட உடனே காஞ்சு ஒட்டிக்கும். 60ல இருந்து 80 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள்ள இருக்குற நாள், அக்டோபர் நவம்பர் இல்லனா மார்ச் மாதிரி, அதுலயும் காலைல மேற்குப் பக்கம், மதியத்துக்கு மேல கிழக்குப் பக்கம்னு நிழலத் தொரத்திக்கிட்டே பண்ணுங்க.

முதல் வேலை கழுவுறது, அதையும் கூரைல இருந்து ஆரம்பிக்கணும். சுவத்துல மேல இருந்து கீழ கறுப்பா கோடு கோடா வழிஞ்சிருக்கே, அது பெரும்பாலும் கூரைல சேந்த அழுக்கும் ரப்பர் கூரை உதுக்குற பொடியும் மழைல கரைஞ்சு எறங்குறது. கூரைய விட்டுட்டு சுவத்த மட்டும் மினுக்கினா அடுத்த மழைல மறுபடி கோடு. ரப்பர் கூரைக்கு மிதமான சோப்பு போதும், பெட்ரோலியம் சேந்த சால்வென்ட் எதுவும் படக்கூடாது, ரப்பர் உப்பிடும். மேல ஏறும்போது சோப்பு வழுக்கும், ஜாக்கிரதை, ஏணில நின்னு நீளமான பிரஷ்ல முடிஞ்சா ஏறவே ஏறாதீங்க. அப்புறம் சுவர். இந்த ஒரு தடவை மட்டும் பாத்திரம் கழுவுற டான் சோப்பு போட்டுக் கழுவலாம், பழைய வாக்ஸ் எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் போகணும்கிறதுதான் நோக்கம். வாக்ஸ் போட்டதுக்கு அப்புறம் அந்த சோப்பு பக்கம் போகக்கூடாது. பிரஷர் வாஷர தூரத்துல இருந்து அகலமான நாசில்ல வேணும்னா காட்டலாம், ஆனா ஜன்னல் ஓரம், மூலை இணைப்பு, ஃபிரிட்ஜ் வென்ட், ஸ்டிக்கர் ஓரம் இதுக்கெல்லாம் நேரா அடிச்சீங்கனா தண்ணிய நீங்களே உள்ள அனுப்புறீங்க. என்னக் கேட்டா ஹோஸ் பைப்பும் மெத்துன்னு ஒரு பிரஷும் போதும்.

கழுவிக்கிட்டே வர்றப்ப ஒவ்வொரு இணைப்பையும் கண்ணால பாத்து விரலால அழுத்திப் பாருங்க. இணைப்ப அடைச்சிருக்குற சீலன்ட் காஞ்சு வெடிச்சிருக்கா, ஓரம் தூக்கியிருக்கா. கெட்டுப்போனத இப்பவே பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர்ல எடுத்துடுங்க, ஆனா புதுச இப்ப போடாதீங்க. ஏன்னா அடுத்து வர்ற கம்பவுண்ட் பொடி புது சீலன்ட்ல ஒட்டி அசிங்கமா ஆகும். அதே நேரம் வாக்ஸ் போட்டதுக்கு அப்புறமும் போட முடியாது, வாக்ஸ் மேல சீலன்ட் பிடிக்காது. கம்பவுண்டும் பாலிஷும் முடிஞ்சு, ஆல்கஹால்ல துடைச்சு, சீலன்ட் போட்டு, அது நல்லா காஞ்சதுக்கு அப்புறம் வாக்ஸ், இந்த வரிசை மாறக்கூடாது. நடுவுல மழை வரும்போல இருந்தா அந்த இடங்கள டேப் போட்டு மூடி வைங்க. குளியலறைக்குப் போடுற சிலிக்கான இங்க தவிர்த்துடுங்க, அத அப்புறம் எடுக்கிறது பெரிய பாடு, எடுத்த இடத்துல வேற எதுவும் ஒட்டாது. கூரைக்கு டைகார் மாதிரி தானா பரவுற சீலன்ட், சுவத்துக்கு வழியாத வகை, ரெண்டும் வேற வேற.

ஸ்டிக்கர் விஷயத்துல இப்பவே முடிவெடுக்கணும், வைக்கப்போறீங்களா எடுக்கப்போறீங்களா. வைக்கிறதா இருந்தா சுத்தி டேப் போட்டுடுங்க, கம்பவுண்ட் மிஷின் அது மேல ஏறினா கலர் போய் ஓரம் கிழிஞ்சுடும், அது மேல 303 ப்ரொடெக்டன்ட் மாதிரி வெயில்ல இருந்து காக்குற திரவம் ஏதாவது அப்பப்ப துடைச்சா போதும். வெயில்ல வெடிச்சு சில்லு சில்லா ஆகிட்டா எடுக்கிறதுதான் அழகு. ஹேர் டிரையர் இல்லனா ஹீட் கன்ன குறைவான சூட்டுல காட்டி, ஸ்டிக்கர் இளகினதும் பிளாஸ்டிக் பிளேடால ஒரு மூலையத் தூக்கி மெதுவா இழுங்க, ஹீட் கன் ஒரே இடத்துல நின்னா ஜெல்கோட்டே கருகும், அடில இருக்குற ஒட்டும் இளகிடலாம். டிரில்ல மாட்டுற ரப்பர் சக்கரம் கிடைக்குது, பொடிஞ்சு போன ஸ்டிக்கருக்கு அது அருமை, லேசா தொட்டுத் தொட்டு நகத்திக்கிட்டே இருக்கணும், அழுத்தினா அதுவும் சூடுதான். மிச்சமிருக்குற பசைய பசை எடுக்குற திரவம் போட்டு ஊறவிட்டுத் துடைங்க.

எடுத்ததுக்கு அப்புறம் ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். ஸ்டிக்கருக்கு அடில வெயில் படாததால அந்த இடம் மட்டும் புதுசா இருக்கும், சுத்தி வெளுத்திருக்கும், அதனால ஸ்டிக்கர் இல்லாமலே அதோட நிழல் தெரியும். கம்பவுண்ட்ல இது குறையும், முழுசா போகும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அதுவும் கலர் வண்டில. அதே வடிவத்துல புது ஸ்டிக்கர் வெட்டி வாங்கி ஒட்டுறதுதான் நடைமுறைக்கு ஒத்துவர்ற வழி. வாக்ஸ் போடுறதுக்கு முன்னாடி ஒட்டணும்.

இப்ப மெயின் வேலை. எடுத்த உடனே ரொம்பக் கடுமையான முறைக்குப் போகாதீங்க. பின்பக்கம், கண்ணுக்குத் தெரியாத ஒரு ரெண்டடி இடத்துல டேப் ஒட்டி எல்லை போட்டு, முதல்ல லேசான பாலிஷ், பத்தலனா கம்பவுண்ட், அதுவும் பத்தலனாதான் வாட்டர் பேப்பர்னு ஒவ்வொரு படியா போய்ப் பாருங்க. எந்தப் படில பளபளப்பு வருதோ அதுதான் உங்க வண்டிக்கு. அந்தச் சின்ன இடத்துல ஒரு மணி நேரம் செலவழிச்சா மீதி வேலை பூரா குழப்பம் இல்லாம போகும்.

வாட்டர் பேப்பர் பத்தி எனக்குக் கொஞ்சம் கண்டிப்பான கருத்து உண்டு. ஒட்டுன ஷீட் இருக்குற சாதாரண ட்ரெய்லர்ல ஜெல்கோட் ரொம்ப மெல்லிசு, அதுல 2000 நம்பர தாண்டி சொரசொரப்பா போக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், அதுவும் கம்பவுண்ட் தோத்துப்போன இடத்துல மட்டும். அச்சுல வார்த்த பழைய ஸ்காம்ப், போலர் மாதிரி வண்டின்னா 1000ல ஆரம்பிச்சு 1500, 2000னு ஏறலாம், ரொம்ப மோசம்னா 800. ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கிற திசைய மாத்துங்க, முதல்ல படுக்கைவாட்டுல தேய்ச்சீங்கனா அடுத்தது செங்குத்தா, அப்பதான் முன்னாடி நம்பரோட கீறல் போச்சானு தெரியும். பக்கெட் தண்ணில ரெண்டு சொட்டு சோப்பு விட்டு பேப்பர ஊறவச்சு, மெத்துன்னு ஒரு பிளாக்ல சுத்தித் தேய்க்கணும், வெறும் விரலால தேய்ச்சா விரல் தடம் தடமா குழி விழும். தேய்க்கிறதுக்கு முன்னாடி பென்சில்ல லேசா குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டுக்கோங்க, கோடு அழிஞ்ச இடத்துல நிறுத்திடலாம். மூலையும் மேடான விளிம்பும் இருக்குற இடத்துல பேப்பரே படக்கூடாது, முதல்ல ஜெல்கோட் தீர்ற இடம் அதுதான். வழியிற தண்ணி வெள்ளையா பால் மாதிரி வர்றது செத்த படலம், அத அப்பப்ப கழுவி விடுங்க, காஞ்சா திரும்ப ஒட்டிக்கும்.

கம்பவுண்டுக்கு ரெண்டு வகை மிஷின் உண்டு. ஒரே இடத்துல நேரா சுத்துற ரோட்டரி, அப்புறம் சுத்திக்கிட்டே ஆடுற டூயல் ஆக்‌ஷன். ரோட்டரி வேகமா வெட்டும், ஆனா கை தவறினா எரிச்சுடும், விளிம்புல சாச்சு பிடிச்சா நொடில ஜெல்கோட்ட தாண்டிடும். முதல் தடவை பண்றவங்களுக்கு டூயல் ஆக்‌ஷன்தான் நல்லது, நேரம் கொஞ்சம் கூடும், ஆனா ராத்திரி நிம்மதியா தூங்கலாம். ரொம்ப மோசமான வெள்ளை வண்டிக்கு ரோட்டரியும் கம்பளி பேடும் இல்லாம கஷ்டம், அதுல 1200ல இருந்து 1800 ஆர்பிஎம்முக்குள்ள வச்சுக்கோங்க. கம்பவுண்ட் கார் கடைல கிடைக்கிறது இல்லாம படகுக்குனு விக்கிறத வாங்குங்க, 3எம் மரைன், மெகுயர்ஸ் மரைன் மாதிரி. படகும் ஜெல்கோட்தான், கார் கம்பவுண்ட் மெல்லிசான க்ளியர் கோட்டுக்கு செஞ்சது, இதுல ரொம்ப நேரம் தடவ வேண்டியிருக்கும்.

பேட்ல நாலஞ்சு சொட்டு போட்டு, மிஷின ஆன் பண்றதுக்கு முன்னாடியே சுவத்துல ஒத்தி பரப்பிடுங்க, இல்லனா மூஞ்சி பூரா தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கோங்க, மாஸ்க்கும், அந்தப் பொடி மூக்குக்குள்ள போறது நல்லதில்ல. குறைஞ்ச வேகத்துல பரப்பி, அப்புறம் வேகம் கூட்டி, மெதுவா, ஒவ்வொரு வரிசையும் முந்தின வரிசைல பாதி மேல ஏறுற மாதிரி ஓட்டுங்க, முதல்ல படுக்கையா அப்புறம் நேரா. ஆரம்பத்துல கொஞ்சம் அழுத்தம், கடைசில மிஷினோட எடை மட்டும். கையால தொட்டுப் பாத்துக்கிட்டே இருங்க, வெதுவெதுப்பு சரி, சூடு ஆகக்கூடாது. ரெண்டு கட்டத்துக்கு ஒரு தடவை பேட சுத்தம் பண்ணணும், இதத்தான் எல்லாரும் சோம்பேறித்தனத்துல விடுறாங்க. பேட்ல சேந்த செத்த ஜெல்கோட் கட்டி தட்டி, வெட்டுறதுக்கு பதிலா கோடு போட ஆரம்பிக்கும், நீங்க கம்பவுண்ட் சரியில்லனு இன்னும் ஊத்துவீங்க. கம்பளிக்கு பல்சக்கரம் மாதிரி ஒரு கருவி இருக்கு, ஃபோமுக்கு பழைய டூத் பிரஷ் போதும், அஞ்சாறு பேடாவது கைல இருக்கட்டும்.

டேப் ஒட்ட சோம்பல் படாதீங்க. ஜன்னல் ரப்பர், கறுப்பு பிளாஸ்டிக், பூட்டு, லைட் ஓரம் எல்லாம் நீல டேப்ல மூடணும், சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்ல கம்பவுண்ட் ஏறி வெள்ளையா காஞ்சா அத எடுக்க அரை நாள் ஆகும். மேல் பாதி வேலைக்கு ஏணிய விட ரெண்டு ஸ்டாண்டுக்கு நடுவுல பலகை போட்ட மேடை வசதி, ரெண்டு கையும் மிஷின்ல இருக்கும்போது ஏணில நிக்கிறது ஆபத்து.

கம்பவுண்ட் முடிஞ்சதும் தூரத்துல இருந்து பாத்தா வேலை முடிஞ்ச மாதிரி இருக்கும். வெயில்ல பக்கவாட்டுல பாருங்க, வட்ட வட்டமா மெல்லிசான கீறல் தெரியும், அடர் கலர்ல இன்னும் நல்லாத் தெரியும். மெத்துன்னு ஃபோம் பேட், நைஸான பாலிஷ், இன்னொரு ரவுண்டு. வெள்ளை வண்டின்னா இத ஒரு கை குறைச்சாலும் யாருக்கும் தெரியாது, நீலமோ கறுப்போ இருந்தா தப்பிக்க முடியாது.

இதுக்கு அப்புறம்தான் உண்மை தெரியுற கட்டம். நிறைய கம்பவுண்ட்லயும் பாலிஷ்லயும் எண்ணெய் கலந்திருக்கும், அது கீறல மறைச்சு மினுமினுப்பு காட்டும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து ஸ்ப்ரே பண்ணித் துடைச்சுப் பாருங்க. துடைச்சும் பளபளப்பு நின்னா அது ஜெல்கோட்டோட பளபளப்பு, மங்கிப்போனா எண்ணெயோட வேலை, அந்த இடத்துக்கு மறுபடி கம்பவுண்ட். ஒரே பாட்டில்ல க்ளீனர் வாக்ஸ் ரெண்டும்னு விக்கிறது முதல் நாள் ஏன் சூப்பரா இருக்கு, ரெண்டாம் மாசம் ஏன் காணாம போகுதுனு இதுல புரிஞ்சுடும்.

சீலன்ட் போட்டு காஞ்சாச்சுனா பாதுகாப்புப் படலம். கார்னாபா வாக்ஸ் பாக்க ஆழமா அழகா இருக்கும், கடும் வெயில்ல சில மாசத்துல போயிடும். பாலிமர் சீலன்ட்னு விக்கிற வகை (இணைப்ப அடைக்கிற சீலன்ட் வேற, இது வாக்ஸ் மாதிரி பூசுறது) அத விட நாள் தாங்கும், போடுறதும் ஈஸி, பெரும்பாலான ஆளுங்களுக்கு நான் சொல்றது இதுதான், வசந்த காலத்துல ஒண்ணு, இலையுதிர் காலத்துல ஒண்ணு. செராமிக் கோட்டிங் இன்னும் அதிகம் தாங்கும், ஆனா அடில இருக்குற பரப்பு சுத்தமா இருக்கணும், போட்டதும் அது சொல்ற நேரத்துக்குத் தண்ணி படக்கூடாது, கோடு விழுந்து காஞ்சுட்டா திரும்ப மிஷின்லதான் எடுக்கணும். 400 சதுர அடில அத ஒழுங்கா போடுறது முதல் தடவைக்கு தலைவலி. எத போட்டாலும் மெல்லிசா, தடிமனா போட்டா துடைக்க கை விட்டுப்போகும், பலன் கூடாது.

இவ்வளவு வேலை வேணாம்னு நினைக்கிறவங்க நடுவுல ஒரு குறுக்கு வழி கேட்டிருப்பீங்க, தரைக்குப் போடுற அக்ரிலிக் பாலிஷ், ஜெப் மாதிரி. பார் கீப்பர்ஸ் ஃபிரெண்ட்ங்கிற தேய்ச்சுக் கழுவுற பவுடர் போட்டுத் தேய்ச்சு செத்த படலத்த எடுத்து, நல்லா கழுவிக் காயவச்சு, ஈரத் துணியால மெல்லிசா நாலஞ்சு கோட், ஒவ்வொண்ணும் நிமிஷத்துல காஞ்சுடும், மிஷினே வேணாம். பளபளப்பு நிஜமாவே பிரமாதமா இருக்கும், அத நான் மறுக்கல. ஆனா அது ஜெல்கோட் இல்ல, மேல ஒரு பிளாஸ்டிக் தோல். அடில பொடி மிச்சம் இருந்தா அங்கங்க உரியும், நாளாக நாளாக மஞ்சள் அடிக்கலாம், அப்ப அமோனியா கலந்த ஸ்ட்ரிப்பர் போட்டு எடுத்துட்டுதான் வேற எதுவும் பண்ண முடியும். இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஓட்டிட்டு விக்கப்போற பழைய வண்டிக்கு, ஜெல்கோட் ரொம்ப மெலிஞ்சு மிஷின் தாங்காத வண்டிக்கு இது நியாயமான வழி. நல்ல ஜெல்கோட் இருக்குற வண்டில பூசிடாதீங்க. வாங்கப்போற வண்டி சந்தேகப்படுற அளவுக்குக் கண்ணாடி மாதிரி மின்னினா, ஓரத்துல உரியுதானு நகத்தால சுரண்டிப் பாத்துட்டு வாங்குங்க.

வரிவரியான அலுமினிய வண்டிக்கு மேல சொன்ன கம்பவுண்ட் எல்லாம் வேணாம், அந்தப் பெயிண்ட் மெல்லிசு, மடிப்போட மேட்டுல ஒரு நிமிஷத்துல வெறும் தகடு தெரிஞ்சுடும். கழுவி, கையால லேசான பாலிஷ், பாலிமர் சீலன்ட், அவ்வளவுதான், அதுக்கும் வரலனா நல்லா தேய்ச்சு பெயிண்ட் அடிக்கலாம். 1978க்கு முந்தின வண்டின்னா பெயிண்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, உலர்வா தேய்க்காதீங்க, டெஸ்ட் கிட் வாங்கிப் பாத்துடுங்க. ஏர்ஸ்ட்ரீம்ல க்ளியர் கோட் உரிஞ்சிருந்தா அத ஸ்ட்ரிப்பர்ல எடுத்துட்டு அலுமினியத்துக்குனே இருக்குற பாலிஷ்ல படிப்படியா போகணும், அது இத விட பல மடங்கு பொறுமை கேக்குற வேலை, தனியா எழுதணும்.

முடிச்சதுக்கு அப்புறம் பராமரிப்புல பெருசா ஒண்ணும் இல்ல. டிரிப் முடிஞ்சு வந்ததும் முன்பக்கம் செத்து ஒட்டியிருக்குற பூச்சி, பறவை எச்சம், மரத்துப் பிசின் இத மட்டும் அன்னிக்கே எடுத்துடுங்க. கார் ஷாம்பு போதும். நிறுத்தி வைக்கும்போது கவர் போடுறதா இருந்தா காத்து போற துணிக் கவர், வண்டி அளவுக்கு சரியா இறுக்கிக் கட்டுறது. கடைல கிடைக்கிற நீல தார்ப்பாய போட்டு கயித்தால கட்டிடாதீங்க, காத்துல அது அடிச்சு அடிச்சு மூலைல எல்லாம் ஜெல்கோட்ட தேய்ச்சு எடுத்துடும், உள்ள ஈரமும் தங்கும். கவருக்கு உள்ள கூரை ஓரம், மழைநீர் வடியிற முனை, வெளிய நீட்டிக்கிட்டு இருக்குற கூர்மையான இடம் எல்லாத்துக்கும் பழைய ஃபோம் பைப்ப வெட்டி மாட்டிடுங்க, வண்டியும் தேயாது, கவரும் கிழியாது.